வெயிலை மறைக்கும் வைக்கோல் புகை

பஞ்சாப் மாநிலத்தில் அக்டோபர் பிற்பகுதியில் நெல் அறுவடையைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். கம்பைன் எனப்படும் பெரிய அறுவடை எந்திரம் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. முழங்கால் உயரத்துக்குத் தாள் அப்படியே நிற்கிறது. எந்திரம் கக்கிய வைக்கோல் அதன்மேல் வரிவரியாகக் கிடக்கிறது. அந்த நிலத்தில் பதினைந்து இருபது நாட்களுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். ஒரு தீக்குச்சி போதும். சிறிது நேரத்தில் வயல் சுத்தமாகிவிடும். ஆயிரக்கணக்கான வயல்களில் இப்படி நடக்கும்போது மாலை நான்கு மணிக்கே சூரியன் செப்புத் தட்டு போல மங்கிவிடுகிறது.

அந்தப் புகை டெல்லிக்குப் போகிறது, அங்கே மக்கள் இருமுகிறார்கள் என்பது ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வரும் செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு செய்தியும் உண்டு. அந்தப் புகை வேறு பல புகைகளோடு சேர்ந்து, புதிதாக முளைத்த கோதுமைக்குக் கிடைக்க வேண்டிய வெயிலைக் குறைக்கிறது, பனிமூட்டத்தை அடர்த்தியாக்குகிறது. ஆண்டு முழுவதும் காற்றில் சேரும் தூசும் கரியும் கங்கைச் சமவெளியின் பருவமழையையே பாதிப்பதாக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஆகவே புகையைப் பற்றிய பேச்சு நுரையீரலோடு முடிந்துவிடுவதில்லை. மகசூலைப் பற்றிய பேச்சும் அதில் அடங்கியிருக்கிறது.

துகள்கள் எவை?

காற்றில் எப்போதும் நுண்ணிய துகள்கள் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன. கடலலை தெறிப்பதால் எழும் உப்பு, பாலைவனத்திலிருந்து கிளம்பும் மண் தூசு, பூந்தாது ஆகியவை இயற்கையாக வருபவை. நிலக்கரி எரியும்போது வெளியேறும் கந்தகப் புகை காற்றில் மாறுதல் அடைந்து சல்பேட் துகள் ஆகிறது. விறகு, வறட்டி, வைக்கோல், டீசல் ஆகியவை அரைகுறையாக எரிந்தால் கரித்துகள் உண்டாகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு மயிரிழையின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இரா.

விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டிய வகை இன்னொன்றும் உண்டு. நிலத்தின் மேல் தூவிய யூரியாவிலிருந்து அம்மோனியா ஆவியாகப் போகிறது. அது வீணான தழைச்சத்து என்பது தெரிந்ததே. காற்றில் போன அம்மோனியா அங்கே ஆலைப் புகையிலும் வாகனப் புகையிலும் உள்ள அமிலங்களோடு கூடி, திரும்பவும் நுண்துகளாக உறைகிறது. உலகிலேயே அம்மோனியா மிகுந்து காணப்படும் வட்டாரங்களில் கங்கைச் சமவெளியும் ஒன்று.

இத்துகள்களின் ஆயுள் குறைவு. கரியமில வாயு காற்றில் பல நூறு ஆண்டுகள் தங்கக்கூடியது. உலகம் முழுவதும் சமமாகக் கலந்துவிடும். துகளோ சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்கள் மிதந்துவிட்டு மண்ணில் படியும், அல்லது மழையில் கழுவப்படும். அதனால்தான் அது உண்டான வட்டாரத்தையும் அதன் அண்டை அயலையும் அதிகம் பாதிக்கிறது. பஞ்சாபில் எழுந்த புகையின் விளைவைப் பஞ்சாபும் அரியானாவும் உத்தரப் பிரதேசமும்தான் முதலில் அனுபவிக்கின்றன. குறைத்தால் கிடைக்கும் பலனும் அங்கேயே, சில நாட்களிலேயே தெரியும்.

வெள்ளையும் கறுப்பும்

எல்லாத் துகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சல்பேட் போன்ற வெளிர்நிறத் துகள் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கீழே பூமி குளிர்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, மழை மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்கு வரை கந்தகப் புகை போயிற்று. அவ்வளவு உயரத்தில் அதைக் கழுவ மழை இல்லை. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி சென்டிகிரேடு குறைந்தது. துகளுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று ஐயப்பட்டவர்களுக்கு எரிமலையே விடை சொல்லிவிட்டது.

கரித்துகளின் போக்கு வேறு. கறுப்புத் துணி வெயிலில் சூடேறுவது போல அது வெயிலை விழுங்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. இதனால் தரைக்கு மேலே ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று வெதுவெதுப்பாகிறது. தரையோ வெயில் குறைந்து குளிர்கிறது. கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் இருந்தால்தான் காற்று மேலெழும். ஈரம் மேலே போய் மேகமாகும். இந்த அமைப்பு தலைகீழானால் காற்று எழும்பாமல் படுத்துவிடுகிறது. புகையும் மேலே போக வழியின்றித் தரையோடு தங்கி, மறுநாள் இன்னும் கெட்டிப்படுகிறது. நவம்பர் மாதத்தில் கங்கைச் சமவெளியில் காற்றோட்டம் இயல்பாகவே குறைவு. நெருப்பு வைக்க அதைவிடப் பொருத்தமற்ற மாதம் கிடைப்பது அரிது.

மேகத்துக்கு விதை

மேகம் உண்டாவதற்கும் துகள்கள் தேவை. நீராவி எதையாவது பற்றிக்கொண்டுதான் துளியாக முடியும். துகளே இல்லாத காற்றில் மேகம் உண்டாவது மிகக் கடினம். அப்படியானால் துகள் கூடினால் மழையும் கூட வேண்டுமே என்று கேட்கலாம்.

நாற்றை நெருக்கி நட்டால் என்ன ஆகிறது? உரமும் வெயிலும் எல்லாவற்றுக்கும் பங்காகி, ஒரு தூரும் சரியாகக் கட்டாது. மேகத்திலும் இதுவே நடக்கிறது. இருக்கும் நீராவியை எண்ணற்ற துகள்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மேகத் துளிகள் எண்ணிக்கையில் பெருகுகின்றன, அளவில் சிறுத்துவிடுகின்றன. ஒரு மழைத்துளி உண்டாகச் சுமார் பத்து லட்சம் மேகத் துளிகள் ஒன்றுசேர வேண்டும். மிகச் சிறு துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேருவதில்லை. மேகம் வெள்ளையாக நின்று வெயிலைத் தடுத்துவிட்டு, பெய்யாமலே கலைந்து போகிறது. ஆழமாக வளரும் இடிமழை மேகங்களில் இந்தக் கணக்கு மாறிவிடுவதும் உண்டு. ஆகவே எல்லா மேகத்துக்கும் ஒரே விதி என்று கொள்ளலாகாது.

கடலுக்கு மேல் ஒரு பழுப்புத் திரை

1999 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் இந்துமாக்கடலில் இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள், மாலத்தீவு ஆகியவற்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஒரு பெரிய ஆய்வை நடத்தினார்கள். இண்டோயெக்ஸ் என்பது அதன் பெயர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, பின்னர் அமெரிக்காவில் விஞ்ஞானியாகப் புகழ்பெற்ற வீ.ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் இதை முன்னின்று நடத்தியவர்கள். கப்பல்கள், விமானங்கள், செயற்கைக்கோள்கள் எல்லாம் பயன்பட்டன. மாலத்தீவைச் சேர்ந்த காஷிதூ என்ற சிறு தீவில் ஓர் ஆய்வு நிலையமும் அமைத்தார்கள்.

குளிர்காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அந்தக் காற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் புகையும் வங்கக்கடலுக்கும் அரபிக்கடலுக்கும் போய்ச் சேருகிறது. நடுக்கடலில் தூய காற்று இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள், மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பழுப்புப் புகைத்திரை படர்ந்திருக்கக் கண்டார்கள். அத்திரையின் கீழே கடல் மேற்பரப்பில் விழும் வெயில் 10 முதல் 15 சதவிகிதம் வரை குறைந்திருந்தது. அதில் பெரும்பகுதி மனிதர் செயலால் வந்த துகள்.

பருவமழைக்கு என்ன தொடர்பு?

கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுவதுதான் தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளே இழுக்கும் முக்கிய விசை. புகைத்திரை இந்த விசையை இரண்டு வகையில் தளர்த்துகிறது. நிலத்தின் சூட்டைக் குறைக்கிறது. வடக்கே உள்ள கடலிலும் வெயில் குறைவதால் நீர் ஆவியாவது குறைகிறது.

1951 முதல் 2015 வரை இந்தியாவின் ஜூன்-செப்டம்பர் மழை சுமார் 6 சதவிகிதம் குறைந்துள்ளதாகவும், கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறைவு குறிப்பிடத்தக்கதாகவும் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. வெப்பவாயுக்கள் மட்டும் பெருகியிருந்தால் மழை கூடியிருக்க வேண்டும். துகள்களின் விளைவே அதை மிஞ்சி மழையைக் குறைத்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 2011இல் சயன்ஸ் இதழில் வெளியான கணிப்பொறி ஆய்வொன்றும் இதே முடிவுக்கு வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நவம்பரில் எரித்த வைக்கோலின் புகை அடுத்த ஜூன் வரை காற்றில் நிற்பதில்லை. பருவமழையைப் பாதிப்பது அனல்மின் நிலையம், வாகனம், செங்கல் சூளை, அடுப்பு, குப்பை மேடு என ஆண்டு முழுவதும் ஓயாமல் வரும் புகை. பஞ்சாப் விவசாயிதான் மழையைக் கெடுத்தார் என்று சொல்வது அநியாயம். ஏப்ரல், மே மாதங்களில் கோதுமைத் தாளை எரிப்பவருக்கு மட்டும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

மற்றொரு விந்தையும் உண்டு. மேற்கு ஆசியப் பாலைவனங்களிலிருந்து அரபிக்கடலுக்கு மேல் வரும் தூசு, அங்கே காற்றைச் சூடாக்கி ஈரக்காற்றை இழுத்து, ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழையைக் கூட்டுவதாக 2014இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. துகள் என்றாலே மழைக்குப் பகை என்ற முடிவு சரியல்ல. எந்தத் துகள், எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்பதே கேள்வி.

கோதுமை இழந்தது எவ்வளவு?

புகைத்திரை வழியே வரும் வெயில் நேராக விழாமல் சிதறி விழுகிறது. சிதறிய ஒளி கீழ் இலைகளையும் எட்டுவதால் மெல்லிய திரை சில பயிருக்குச் சிறிது நன்மையும் செய்யும். திரை தடித்துவிட்டால் மொத்த ஒளியே குறைந்து அந்த நன்மை அடிபட்டுப் போகிறது. இதோடு ஓசோன் சேதமும் சேருகிறது. புகையும் வாகன வாயுவும் வெயிலில் வினைபுரிந்து தரையோரத்தில் உண்டாகும் ஓசோன், இலைத்துளை வழியே உள்ளே போய் இலையின் பசுமையைக் கெடுக்கும். கோதுமை இதை அதிகம் தாங்காது.

2014இல் பர்னி என்ற ஆய்வாளரும் ராமநாதனும் சேர்ந்து இந்தியாவின் முப்பது ஆண்டு மகசூல் கணக்கை ஆராய்ந்தனர். வெப்பநிலையும் காற்று மாசும் மாறாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அளவைவிட, 2010இல் இந்தியக் கோதுமை மகசூல் சராசரியாக 36 சதவிகிதம் வரை குறைந்திருக்கலாம் என்றும், அந்த இழப்பில் பெரும்பங்கு கரித்துகள், ஓசோன் போன்ற குறுகிய ஆயுள் கொண்ட மாசுகளால் வந்தது என்றும் அவர்கள் கணித்தார்கள். இது வயலில் அளந்த அளவு அல்ல, கணக்கியல் மதிப்பீடு. பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் அது பெரிய இழப்புத்தான்.

பனிமூட்டத்தின் தொல்லை வேறு. துகள் மிகுந்த ஈரக்காற்றில் மூட்டம் எளிதாக உண்டாகிறது, தாமதமாக விலகுகிறது. இலை நெடுநேரம் நனைந்திருப்பதால் உருளைக்கிழங்கில் பின்பருவ இலைக்கருகல் பரவுகிறது. மேகமும் ஈரமும் நீடிக்கும் நாட்களில் கடுகில் அசுவினி பெருகுகிறது. மருந்துச் செலவு ஏறுகிறது.

இருபது நாள் நெருக்கடி

இவ்வளவு தெரிந்தும் ஏன் எரிக்கிறார்கள்? நாள் போதவில்லை என்பதுதான் விடை.

பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. கடுங்கோடையில் நட்டால் தண்ணீர் அதிகம் தேவைப்படும் என்பதால், ஜூன் 10ஆம் தேதிக்கு முன் நடவு செய்யக்கூடாது என்று 2009இல் சட்டம் வந்தது. பின்னாளில் இந்தத் தேதி முன்னும் பின்னும் மாற்றப்பட்டதுண்டு. அரியானாவும் இதே போன்ற சட்டம் செய்தது. தண்ணீரைக் காக்க வந்த நல்ல சட்டம். ஆனால் நடவு தள்ளிப் போனதால் அறுவடையும் தள்ளிப் போயிற்று. பூசா 44 போன்ற 160 நாள் ரகம் நட்டவருக்கு அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே அவகாசமே இல்லாமல் போனது. எரிப்பு, காற்றோட்டம் குறைந்து மூட்டம் தொடங்கும் நவம்பரை ஒட்டி வந்து சேர்ந்தது. கோதுமை விதைப்பு நவம்பர் நடுவைத் தாண்டினால் பால் பிடிக்கும் பயிர் மார்ச் வெப்பத்தில் மாட்டிக்கொள்ளும். 2022 மார்ச்சில் வந்த கடும் வெப்பத்தில் மணி சுருங்கியதை அங்கே எந்த விவசாயியும் மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் வைக்கோல் மாட்டுக்குத் தீனி. வடக்கே கோதுமைத் தவிடும் கோதுமை வைக்கோல் தூளும்தான் தீனி. நெல் வைக்கோலில் மணற்சத்து அதிகம் என்று அதை ஒதுக்குகிறார்கள். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் உண்டாகிறது. ஒரு டன்னில் ஏறக்குறைய ஐந்தரை கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து இருக்கின்றன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும். ஒரு டன்னுக்குச் சுமார் 3 கிலோ துகளும் காற்றில் சேரும்.

அபராதம் போட்டே தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள், நவம்பர் முதல் வாரத்தில் வாடகை டிராக்டருக்காக வரப்பில் ஒரு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும்.

தீ வைக்காமல் விதைக்க

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து உருவாக்கிய ஹேப்பி சீடர் என்னும் விதைப்புக் கருவி, தாளை வெட்டித் தூக்கி, அடியில் கோதுமையை விதைத்து, வெட்டிய வைக்கோலை மேலே மூடாக்காகப் போட்டுவிடுகிறது. உழவுச் செலவு மிச்சம், களை குறைவு, ஈரம் நிற்கும். கம்பைன் எந்திரத்தில் வைக்கோலைச் சீராகப் பரப்பும் இணைப்பைப் பொருத்தினால்தான் இது தடையின்றி ஓடும். இதை இழுக்க வலுவான டிராக்டர் வேண்டும். ஆண்டில் மூன்று வாரம் மட்டும் ஓடும் கருவியைச் சிறு விவசாயி சொந்தமாக வாங்குவது கட்டுப்படியாகாது. 2018 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் தனி விவசாயிக்கு 50 சதவிகிதமும் குழுக்களுக்கு 80 சதவிகிதமும் மானியம் அளிக்கப்பட்டது அதனால்தான். மூடாக்கின் கீழே எலித் தொல்லையும், சில இடங்களில் தண்டுத் துளைப்பானும் வருவதாக விவசாயிகள் சொல்கிறார்கள். அதைப் புறக்கணித்துப் பேசினால் அடுத்த ஆண்டு அவர் கருவியை வாடகைக்கு எடுக்கமாட்டார்.

வைக்கோலை மட்கச் செய்யும் பூஞ்சாணக் கரைசலை டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது. நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் மட்குவதற்கு 20, 25 நாட்கள் ஆகும். இருக்கும் அவகாசமே அவ்வளவுதானே? கட்டுக் கட்டி மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்புவது சில வட்டாரங்களில் நன்கு நடக்கிறது.

எல்லாவற்றையும்விட எளிய வழி குறுகிய கால நெல் ரகம். பி.ஆர்.126 ரகம் சுமார் 123 நாளில் அறுவடைக்கு வருகிறது. பூசா 44 ரகத்தோடு ஒப்பிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம், தண்ணீரும் குறைவு, வைக்கோலும் குறைவு.

பஞ்சாபில் செயற்கைக்கோள் கண்ட தீ நிகழ்ச்சிகள் 2020இல் சுமார் 83 ஆயிரம். 2024இல் சுமார் 11 ஆயிரம். மகிழத்தக்க குறைவு என்றாலும், முழுதாக நம்பிவிட முடியாது. அந்தச் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணியளவில் கடந்து செல்பவை. அவை போன பிறகு மாலையில் தீ வைக்கும் வழக்கம் பெருகியிருப்பதை வேறு செயற்கைக்கோள் படங்கள் காட்டின. எரிந்த பரப்பை அளந்தால்தான் உண்மைக் கணக்கு தெரியும்.

புகை விலகினால்?

2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது ஆலைகளும் வண்டிகளும் நின்றன. சில நாட்களிலேயே வட இந்தியக் காற்றில் துகள் அளவு இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்ததை நாசா செயற்கைக்கோள் பதிவு செய்தது. ஜலந்தர் நகரத்து மொட்டை மாடிகளிலிருந்து, தொலைவில் பனி மூடிய தவுலாதார் மலைத்தொடரைப் பல ஆண்டுகளுக்குப் பின் மக்கள் பார்த்தார்கள். துகளின் ஆயுள் எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் புகைத்திரை இதுகாறும் ஓரளவு வெயிலைத் தடுத்து, வெப்பவாயுக்களால் ஏற வேண்டிய சூட்டில் ஒரு பகுதியை மறைத்தும் வந்திருக்கிறது. திரை விலகினால் பயிருக்கு ஒளி கிடைக்கும்; கூடவே மறைந்திருந்த சூடும் வெளிப்படும். கோதுமைக்கு அது மார்ச் மாதத்தில்தான் உறைக்கும். இதற்காகத்தான் கர்னாலில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையம் டி.பி.டபிள்யூ.187, டி.பி.டபிள்யூ.303 போன்ற, முன்கூட்டியே விதைக்க ஏற்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இவற்றை அக்டோபர் கடைசி வாரத்திலேயே விதைக்கலாம். வெப்பம் வருமுன் மணி முற்றிவிடும். அதற்கு நெல் வயல் அக்டோபர் நடுவிலேயே காலியாக வேண்டும். நாற்றங்காலில் எந்த ரகத்தைப் போடுகிறார் என்று மே மாதத்திலேயே விவசாயி முடிவு செய்தாக வேண்டும்.